பூட்டிக் கிடக்கும் திரையரங்கின் வரலாற்றை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: பேருந்து நிலையத்துக்கு அருகில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு திரையரங்கு விரைவில் இடிக்கப்படவிருக்கிறது. முகப்பில் ஆண்டு எதுவும் பொறிக்கப்படவில்லை. ஊரில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தக் கட்டடம் எப்போது, எப்படி உருவானது என்பதை இடிபடுவதற்குள் எப்படி அறிந்து பதிவு செய்வது?

என் பதில், முதலில் கட்டடத்தையே பாருங்கள், பிறகு காகிதங்களைத் தேடுங்கள் என்பதே. வீட்டையோ கடையையோ கட்டுகிறவர் பெரும்பாலும் தம் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். சினிமாக் கொட்டகையை அப்படிக் கட்ட முடியாது. தீ குறித்த அச்சம், மின்சாரம் வந்து சேர்ந்த காலம், கட்டண வகுப்புகள், மாவட்ட ஆட்சியர் தரும் உரிமம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதன் வடிவத்தைத் தீர்மானித்தன. இவை ஒவ்வொன்றும் காலத்துக்குக் காலம் மாறியதால், மாற்றங்களின் தடம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் தங்கிவிட்டது. எந்த நடிகர் வந்து திறந்துவைத்தார், எந்தப் படம் நூறு நாள் ஓடியது என்பவற்றை ஊர் நினைவில் வைத்திருக்கும். எந்த ஆண்டில் எந்தச் சுவரை உடைத்துக் கட்டினார்கள் என்பதை ஊர் மறந்துவிடும். அதைக் கட்டடம்தான் சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் நிரந்தரத் திரையரங்குகளின் கதை ஏறத்தாழ 1913, 1914ஆம் ஆண்டுகளில் தொடங்குகிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரை நிறுவினார். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் இருக்கிறது. ரகுபதி வெங்கையா 1914இல் கெயிட்டியைக் கட்டினார். ஆனால் சிற்றூர்த் திரையரங்கின் பிறப்பைப் புரிந்துகொள்ளச் சென்னையை விடக் கோயம்புத்தூரே பொருத்தமான எடுத்துக்காட்டு. அன்றைய கோவை இன்றைய மாநகரம் அல்ல. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 50,000 பேர்கூட இல்லை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று பல ஆண்டுகள் படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அது பிற்காலத்தில் டிலைட் எனப் பெயர் மாறியது. கட்டடம் இன்று இல்லை. ஆனால் அது நின்ற தெரு இன்னும் வெரைட்டி ஹால் சாலைதான்.

வின்சென்டின் கதையில் பொதுவாகக் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில் அவர் தமது அரங்குக்காகச் சொந்தமாக மின்சாரம் உற்பத்தி செய்தார். அந்த எஞ்சின் பலத்தைக் கொண்டு அச்சகமும் அரிசி ஆலையும் நடத்தினார். இது தற்செயலாக அமைந்ததன்று. தமிழகத்தின் பல சிற்றூர்களில் திரையரங்கு கட்டியவர்கள் அரிசி ஆலை, பஞ்சு ஆலை, பேருந்து நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றை வைத்திருந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களிடம் எஞ்சினும் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்த ஆளும் இருந்தார், பிரதான சாலையில் நிலமும் இருந்தது. எனவே உங்கள் கட்டடத்தின் பின்புறத்தில் தடித்த சுவரும் சிமென்ட் மேடையும் கொண்ட தனி அறை ஏதும் உண்டா என்று முதலில் பாருங்கள். மேடையில் பெரிய போல்ட்டுகள் பதித்த குழிகள் இருந்தால் அது எஞ்சின் அறை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 வாக்கிலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. இவற்றின் கம்பிகள் எந்த ஊருக்கு எப்போது வந்தனவோ, அதற்கேற்ப அந்த ஊர்த் திரையரங்கின் எஞ்சின் அறை பெரியதாகவோ சிறியதாகவோ இருக்கும். கம்பி வருவதற்கு முந்தைய அரங்கில் எஞ்சின்தான் உயிர்; அதற்கென நிலையான பெரிய அறை கட்டியிருப்பார்கள். பிந்தைய அரங்கில் ஜெனரேட்டர், மின்தடை நேரத்துக்கான மாற்று ஏற்பாடு மட்டுமே. பெரும்பாலும் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் அது நிற்கும்.

அடுத்து, படம் ஓட்டும் இயந்திரம் இருக்கும் ஆபரேட்டர் அறைக்கு ஏறுங்கள். ஒரு திரையரங்கில் நான் மிக அதிக நேரம் செலவிடச் சொல்லும் இடம் இதுதான். பெரும்பாலான கொட்டகைகளில் இந்த அறைக்கு அரங்கின் உள்ளிருந்து வழியே இராது; வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு இருக்கும். கதவும் இரும்புத் தகடு போர்த்தியதாக இருக்கும். காரணம், தொடக்க காலப் படச்சுருள் நைட்ரேட் எனும் வேதிப்பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றிவிட்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. 1897இல் பாரிஸில் தருமத்துக்கு நிதி திரட்ட நடந்த ஒரு சந்தையில் படம் காட்டும்போது மூண்ட தீயில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் உலகெங்கும் படம் காட்டும் இடங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு வரத் தொடங்கியது. பிரிட்டன் 1909இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம், உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்டலாம் என்று விதித்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் தணிக்கையை மட்டுமே பேசுகிறார்கள். கட்டடங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது அதன் உரிமப் பகுதி. ஆபரேட்டர் அறை தனித்து நிற்பதும், அறைக்குள் தீப்பிடித்தால் அரங்கின் பக்கமுள்ள துளைகளை மூடிக்கொள்ளும் இரும்பு ஷட்டர்கள் வைத்ததும் இந்த அச்சத்தின் விளைவே. 1950களில் தீப்பற்றாத சுருள்கள் வந்து நைட்ரேட் மறைந்த பிறகும் விதிகள் தொடர்ந்தன. அதனால் 1980இல் கட்டிய அரங்கிலும் இந்த அமைப்பைக் காணலாம்.

அந்த அறையின் முன்சுவரில் உள்ள துளைகளை எண்ணுங்கள். ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு துளைகள் வேண்டும்: ஒன்று ஒளி செல்ல, மற்றொன்று ஆபரேட்டர் திரையைப் பார்க்க. இரண்டு இயந்திரங்கள் இருந்தால் நான்கு. விளம்பர ஸ்லைடு காட்டத் தனியாக ஒன்று இருந்தால் ஐந்து. வெறும் இரண்டு துளைகளோடு தொடங்கி, பிறகு சுவரைக் கொத்திக் கூடுதல் துளைகள் போட்டிருந்தால், ஒரே இயந்திரத்துடன் ஓடிய கொட்டகை பிற்காலத்தில் வசதி பெற்றது என்று பொருள். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடமும் 2,000 அடிச் சுருள் 22 நிமிடமும் வரும். இரண்டு இயந்திரங்கள் இருந்தால் ஒரு சுருள் முடியும்போது திரையின் மேல் மூலையில் தோன்றும் புள்ளியைப் பார்த்து ஆபரேட்டர் அடுத்த இயந்திரத்துக்கு மாற்றிவிடுவார். பார்ப்பவருக்கு இடைவெளியே தெரியாது. ஒரே இயந்திரம் என்றால் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும். பழைய டூரிங் கொட்டகைகளில், அதாவது தற்காலிகக் கீற்றுக் கொட்டகைகளில், ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள் விட்டதாகப் பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். அவர்கள் மிகைப்படுத்தவில்லை.

அதே அறையின் கூரையில் புகைபோக்கிக் குழாயோ, அதை அடைத்த தடமோ இருக்கும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்வில்தான் செனான் விளக்கு வரும்வரை ஒளி தந்தது. எரிய எரியக் குச்சி தேயும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து இரண்டையும் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகை வெளியேறத்தான் குழாய். சில அறைகளின் சுவரில் ஆபரேட்டர்கள் பென்சிலால் குறித்துவைத்த படப் பெயர்களும், ரீல் எண்களும், தேதிகளும் இன்னும் இருக்கும். சுண்ணாம்பு அடிக்கப்படாத சுவர் கிடைத்தால் அங்குலம் விடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் கிடைக்காத செய்தி அதில் உண்டு.

இனி எதிர்முனையில் உள்ள திரைக்குப் போகலாம். திரைக்குப் பின்னால் ஆழமான மேடையும் அதன் பக்கத்தில் சிறு அறைகளும் இருந்தால், கட்டடம் நாடகக் கொட்டகையாகத் தொடங்கியது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழ் பேசும் படங்கள் வரத் தொடங்கிய பிறகு, நாடகக் கம்பெனிகளின் கூட்டம் சிறிது சிறிதாகச் சினிமாவுக்கு நகர்ந்தது. பல ஊர்களில் கொட்டகைக்காரர்கள் வேறு இடம் தேடாமல் அதே மேடையில் திரையைக் கட்டினார்கள். நாடகத்துக்கென்றே கட்டிய கூடத்தில் ஒலிபெருக்கியின் ஓசை எதிரொலித்து வசனம் புரியாமல் போனது. அதைச் சமாளிக்கச் சுவரில் சாக்குத் துணி, தென்னைநார்ப் பாய், பிற்காலத்தில் துளையிட்ட அட்டைப் பலகை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார்கள். உங்கள் அரங்கின் பக்கச் சுவரில் பலகை பெயர்ந்திருக்கும் இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

திரைச்சட்டத்தின் இருபுறமும் காரை நிறம் மாறியோ, தூணை வெட்டிய தழும்போ இருந்தால் அது இன்னொரு காலக்குறிப்பு. தொடக்கத்தில் எல்லாத் திரைகளும் சற்றே சதுரத்தை ஒத்த அளவில் இருந்தன. சினிமாஸ்கோப் படங்களுக்கு அகலத் திரை தேவைப்பட்டது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் சிற்றூர் அரங்குகளும் மேடை முகப்பின் இருபக்கச் சுவரையும் இடித்துத் திரையை விரித்தன. ஆகவே இடித்து விரித்த தழும்பு இருந்தால் கட்டடம் அதற்கு முந்தியது என்றும், முதலிலிருந்தே அகலமாகக் கட்டியிருந்தால் பெரும்பாலும் பிந்தியது என்றும் கொள்ளலாம். முகப்பில் ‘70 எம்.எம்.’ என்ற எழுத்து இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். தமிழில் 70 மி.மீ. படம் 1986இல் ‘மாவீரன்’ மூலம்தான் வந்தது. அதற்கான இயந்திரம் விலை மிகுந்தது. பெரிய திரை இருக்கிறது என்று சொல்வதற்காகவே அந்த எழுத்தைப் போட்டுக்கொண்ட அரங்குகள் பல.

பார்வையாளர் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சாதி அடுக்கின்படி அமராமல், கொடுத்த காசின்படி தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி கூறியிருக்கிறார். அது முக்கியமான உண்மை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர் இங்கே டிக்கெட் வாங்கி உள்ளே வர முடிந்தது. ஆனாலும் கட்டடத்தை நடந்து பார்த்தால் அந்தக் கூரையின் கீழ் எத்தனை சுவர்கள் இருந்தன என்பதும் தெரியும். தரை டிக்கெட்டுக்குத் தெருவின் ஒரு பக்கத்தில் தனி வாசல். பெஞ்சுக்கு வேறு வாசல். சேருக்கும் பால்கனிக்கும் முகப்பின் நடுவாசல். தரை டிக்கெட் வாங்கியவர் இடைவேளையிலும் முகப்பு மண்டபத்துக்கு வர முடியாதபடி கம்பிக் கதவு. அவருக்கென்று தனித் தின்பண்டக் கடை, தனிக் கழிப்பறை. தரைப் பகுதியின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர் ஓடியிருந்தால், ஒரு பக்கம் ஆண்களும் மறுபக்கம் பெண்களும் அமர்ந்தார்கள் என்று பொருள். பிற்காலத்தில் தரையைச் சமன்செய்து நாற்காலி போட்டபோது அந்தச் சுவரை இடித்திருப்பார்கள். ஆனால் சிமென்ட் தளத்தில் அதன் கோடு மறையாது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய நீண்ட சந்தும், அதன் கடைசியில் கை மட்டும் நுழையும் துவாரமும் இருந்தால் அதை அளந்து வரைந்துகொள்ளுங்கள். முதல் நாள் கூட்டத்தை வரிசையில் நிறுத்தக் கொட்டகைக்காரர் கண்ட வழி அது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளின் அடையாளங்களில் ஒன்று. நாற்காலியும் இயந்திரமும் விலைபோகும். இந்தச் சந்து வழியை யாரும் எடுத்துவைக்க மாட்டார்கள்.

முகப்பைக் கண்டு ஏமாறாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வளைந்த மூலைகள், நடுவில் மேல்நோக்கி எழும் தூண்போன்ற அமைப்பு, அதில் செங்குத்தாக எழுதிய பெயர், ஜன்னலுக்கு மேல் கிடைக்கோடுகள் ஆகியவை 1930களிலிருந்து 50கள் வரை பெருநகர அரங்குகளில் பரவிய ஆர்ட் டெகோ பாணி. சிற்றூர்களில் அது சில ஆண்டுகள் தாமதமாக வந்து, பல ஆண்டுகள் தங்கியது. பெரும்பாலும் முகப்பு மட்டும்தான் இந்தப் பாணியில் இருக்கும். அதைத் தாண்டினால் இரும்புச் சட்டங்களின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட நீண்ட கொட்டகைதான். முகப்புச் சுவரும் அரங்கின் பக்கச் சுவரும் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது நடுவே நேர்க்கோட்டு விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் கொட்டகை முந்தியது, முகப்பு பிந்தியது.

இதற்குக் காரணம் உரிம முறை. 1955ஆம் ஆண்டின் சென்னை சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும், அதன் கீழ் 1957இல் வந்த விதிகளும் டூரிங், அரை நிரந்தரம், நிரந்தரம் என்று கொட்டகைகளைத் தனித்தனியாக நடத்தின. கீற்றுக் கூரையும் மூங்கில் தட்டியுமாக இருக்கும் டூரிங் கொட்டகைக்குக் குறுகிய காலத்துக்கே உரிமம். நிரந்தர அரங்குக்குக் குறிப்பிட்ட தொலைவுக்குள் அது இருக்கவும் கூடாது. வருமானம் வந்த பிறகு செங்கல் சுவரும் தகடும் போட்டு அரை நிரந்தரமாக்குவார்கள். மேலும் வளர்ந்தால் முகப்பு, பால்கனி, ஓய்வறை எல்லாம் சேர்த்து நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பிப்பார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் 1952 என்றும் மற்றொருவர் 1964 என்றும் சொன்னால், இருவரும் சரியாகச் சொல்லக்கூடும். ஒருவர் கீற்றுக் கொட்டகையையும் மற்றவர் முகப்பையும் நினைத்துப் பேசுகிறார். 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகையில் ஏற்பட்ட தீவிபத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். கீற்றுக் கொட்டகையின் ஆபத்தைத் தமிழகம் முழுவதும் உணரவைத்த துயரம் அது.

கட்டடம் இவ்வளவு சொன்ன பிறகு காகிதங்களுக்குப் போவது எளிது. எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் நிலம் கைமாறிய ஆண்டுகளும் குத்தகை, அடமானப் பத்திரங்களும் கிடைக்கும். கொட்டகைகள் அடிக்கடி குத்தகைக்கு விடப்பட்டன என்பதால் பத்திரங்களில் நாற்காலி, இயந்திரம், எஞ்சின் ஆகியவற்றின் பட்டியலே சில வேளைகளில் இருக்கும். நகராட்சி அல்லது பேரூராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் வரி உயர்ந்த ஆண்டு, பெரும்பாலும் கட்டடம் விரிந்த ஆண்டு. உரிமம் ஆட்சியர் வழங்குவது என்பதால், தடையில்லாச் சான்று, பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் ஆட்சியர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கும். அந்த வரைபடம் ஒன்று கிடைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

சுதந்திரத்துக்கு முந்தைய கொட்டகை என்று தோன்றினால், டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28இல் இயங்கிய இந்திய சினிமாட்டோகிராப் குழுவின் அறிக்கையையும் சாட்சியத் தொகுதிகளையும் பாருங்கள். சென்னை மாகாணத்துக் கொட்டகைக்காரர்கள் அளித்த சாட்சியங்கள் அதில் உள்ளன. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக, சினிமா நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் பெருமளவில் பாதுகாக்கப்படுகின்றன. ஊர்ப் பெயரும் கொட்டகைப் பெயரும் அச்சான ஒரு நோட்டீஸ் கிடைத்துவிட்டால், படம் வெளியான ஆண்டைக் கொண்டு அந்தத் தேதியில் கொட்டகை நடந்துகொண்டிருந்தது என்று உறுதியாக எழுதலாம்.

1939ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் கணக்கு எழுதியாக வேண்டியிருந்தது. கொட்டகைக்காரர்கள் டி.சி.ஆர். என்று சொல்லும் தினசரி வசூல் கணக்கில் எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், என்ன கட்டணம், எவ்வளவு வரி என்பதெல்லாம் இருக்கும். எந்த ஆண்டில் தரை டிக்கெட் என்ற வகுப்பு கணக்கிலிருந்து மறைகிறதோ, அந்த ஆண்டில்தான் தரையில் பெஞ்சோ நாற்காலியோ போட்டார்கள். பெரும்பாலான கொட்டகைகளில் இந்த நோட்டுகள் மேலாளர் அறையின் அலமாரியிலோ ஆபரேட்டர் அறையின் பரணிலோ கட்டுக் கட்டாகக் கிடக்கும். இடிப்பதற்கு முன் சாமான்களை ஒதுக்கும்போது முதலில் எடைக்குப் போவது இவைதான். ஆகவே கட்டடத்தை அளக்கப் போகும் முன்பே உரிமையாளரைச் சந்தித்து, அந்த நோட்டுகளை மட்டும் உங்களிடம் தரும்படியோ, படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும்படியோ கேளுங்கள். அதே சந்திப்பில், கடைசியாக அங்கே வேலை பார்த்த ஆபரேட்டர் எங்கே இருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள். அவரை வெளியில் உட்காரவைத்துப் பேசுவதைவிட, ஆபரேட்டர் அறைக்கே அழைத்துச் சென்று ஒவ்வொரு துளையையும் போல்ட்டையும் காட்டி இது எதற்கு என்று கேட்டுப் பதிவு செய்வதே பயன் தரும்.